பேக்கிங் அக்காவின் இடது புருவம்

அந்தத் தெருவில் எந்த வீட்டு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே ஒரு ரகசியம் உட்கார்ந்திருக்கும். பேச்சுக்குச் சொல்வதல்ல, நிஜமாகவே. தண்ணீர் இறைக்கிற எஞ்சினோ, ஜெனரேட்டரோ, புல் வெட்டுகிற மெஷினோ, எதுவானாலும் இரண்டு இரும்புத் துண்டு முகத்தோடு முகம் சேர்கிற இடத்தில் நடுவே ஒரு அட்டையை வைத்து முடுக்கியிருப்பார்கள். எண்ணெய் ஒழுகாமல், காற்று கசியாமல் காப்பது அந்த அட்டைதான். கடையில் அதற்குப் பெயர் கேஸ்கட், பட்டறையில் பேக்கிங். சின்ன எஞ்சின்களுக்கு அதைத் தேடிக் கடைக்குப் போனால் மாடல் மாறிவிட்டது, அடுத்த வாரம் பாருங்கள் என்று ஆளுக்கொரு கதை விடுவார்கள். அதனால் அந்தத் தெருக்காரர்கள் கடைக்கு அலைவதில்லை, நேராக மெக்கானிக் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முன்னறையில் மெக்கானிக் எஞ்சினைப் பிரிப்பார். தெருப்பக்கத்து ஜன்னலோரம் மரக்கட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் பெண்டாட்டி பேக்கிங் வெட்டுவாள்.

பெற்றவர்கள் அவளுக்கு ஆசை ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவாள். தெருவுக்கே அவள் பேக்கிங் அக்கா. அவளைவிட வயதில் மூத்த டியூஷன் வாத்தியாருக்கும் அக்கா, நேற்றுக் குடிவந்தவருக்கும் அக்கா.

கல்யாணத்துக்கு முன்னால் அட்டைப்பெட்டி கம்பெனியில் பெட்டி மடித்தவள் அவள். வாக்கப்பட்ட இடத்தில் எஞ்சின். கையோ சும்மா இருக்காத கை. எஞ்சின் பாகத்தின் முகத்தில் அட்டையை வைத்து, நகராமல் இடது கையால் அமுக்கிக்கொண்டு, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போடு விளிம்பாக டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போவாள். ஓங்கி அடிக்கக் கூடாது. மெல்லத் தட்டினால் அந்த விளிம்பே அட்டையை வெட்டிக் கொடுத்துவிடும். போல்ட் ஓட்டைக்கு சைக்கிள் பால்ஸ், அதாவது சக்கரத்துக்குள் போடுகிற இரும்புக் குண்டு, ஒன்றை நேராக வைத்து ஒரே தட்டு, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் கழன்று விழும். சைலன்சர் பக்கம் மட்டும் அட்டை வேலைக்கு ஆகாது, எரிந்துபோகும். மற்ற இடத்துக்கெல்லாம் அக்காவின் அட்டை வருஷக்கணக்கில் நிற்கும்.

ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தாள். அட்டையை அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

அந்தச் சட்டம் பிறந்த கதை வேடிக்கையானது. ஒருநாள் வீட்டில் அட்டை தீர்ந்துபோய், வந்த ஆளிடம் "உங்க வீட்டுல ஏதாவது கெட்டி அட்டை இருந்தா எடுத்துட்டு வாங்களேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவர் ஒரு பெண்கள் செருப்புப் பெட்டியின் மூடியைக் கொண்டுவந்து நீட்டினார். மூடியில் போட்டிருந்த சைஸ் அவர் பெண்டாட்டியின் காலுக்குப் பாதிகூட வராது. அக்கா மூடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வெட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே, நாலு நாள் தூக்கம் வராத சந்தோஷம். மறுநாளிலிருந்து சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. காரணம் கேட்டவர்களிடம், "உங்க எஞ்சினுக்கு உங்க வீட்டு அட்டைதாங்க ஒத்துப்போகும். வேற வீட்டு அட்டை போட்டா அதுக்குப் பிடிக்காது" என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொல்வாள். சுத்தப் புளுகு. மெக்கானிக்குக்கும் அது தெரியும். ஆனால் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட விரும்புகிற மனுஷர் அவர், வாயைத் திறக்கவில்லை. தெருவோ நம்பிவிட்டது. வேற்று அட்டை போட்டதால்தான் போன தடவை எஞ்சின் மக்கர் பண்ணியது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள்கூட உண்டு.

இப்படியாக அக்காவுக்குத் தெருவே கையில் வந்துவிட்டது. யார் வீட்டில் என்ன மருந்து ஓடுகிறது, யார் உடம்பு இளைக்கப் பவுடர் வாங்கிக் குடிக்கிறார்கள், எந்த வீட்டில் பழைய டிவியை மறைத்துப் புது டிவி வந்திருக்கிறது, எல்லாம் அட்டை சொல்லும். டியூஷன் வாத்தியார் கொண்டுவந்தது தலைச் சாயப் பெட்டி. மனுஷர் மேலே இருந்த எழுத்தெல்லாம் தெரியாதபடி பேனாவால் கிறுக்கிக்கொண்டு வந்திருந்தார். பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தவளுக்கு எழுத்து எதற்கு, மடிப்பைப் பார்த்தாலே போதுமே.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது கிடையாது. எழுத்துள்ள பக்கம் எஞ்சினுக்குள் போகிற மாதிரி வைத்து முடுக்கச் சொல்லிவிடுவாள், அத்தோடு சரி. வாய் அப்படிப்பட்ட பூட்டு. ஆனால் வாய்க்கு மேலே மூக்கு, மூக்குக்கு மேலே ஒரு இடது புருவம் இருந்தது. அதற்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது.

ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு பெஞ்சு. அதில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பவள் சலவைக்கடை அம்மா. சட்டைப் பைகளில் கிடைக்காத சேதிக்காக இங்கே வருகிறவள். "ஏன்க்கா, இந்த வயசுலயும் வாத்தியாருக்கு முடி எவ்வளவு கருப்பு பாரேன்" என்பாள். "ஆமா, அவங்க பரம்பரையே அப்படியாம்" என்று சொல்வாள் அக்கா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடது புருவம் மட்டும் அரை விரல் மேலே போய் நின்று இறங்கும். போதாதா? சலவைக்கடை அம்மா ஒன்றும் தெரியாதவள் மாதிரி எழுந்து போய்விடுவாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க வாத்தியாரின் தலையைப் பார்த்துவிட்டுத்தான் வணக்கமே சொல்லும்.

அந்தப் புருவம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதுதான் அதற்கு அவ்வளவு மவுசு. அக்காவுக்கும் அதில் கொள்ளைப் பெருமை. நான் என்ன சொன்னேன், ஒண்ணும் சொல்லலையே என்று கையை விரித்துவிடலாம் பாருங்கள், எவ்வளவு வசதி.

அந்த வசதி அவள் மகளிடம் எடுபடவில்லை.

மகளை அடுத்த தெருவிலேயே கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தோட்டத்தைப் பராமரிக்கிற மாப்பிள்ளை, நல்ல பிள்ளை. போன வருஷம் மகளுக்கு நாள் தள்ளிப்போனது. அம்மாவிடம் மட்டும் வந்து காதோடு காதாகச் சொன்னாள். "யாருக்கும் தெரிய வேணாம்மா, கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள். அக்கா தலைமேல் அடித்துச் சத்தியம் பண்ணினாள். மறுநாள் சலவைக்கடை அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, "உன் பொண்ணு முகத்துல ஒரு களை தெரியுதே" என்று சும்மா ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தாள். புருவம் முடியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கியது. அன்றைக்கே தெரு வாழ்த்தியது. சம்பந்தியம்மா தன் சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டுவிட்டாள். அப்புறம் அந்தப் பிள்ளை தங்கவில்லை. அடுத்த நாலு வாரத்துக்குள் கலைந்துவிட்டது. வாழ்த்துச் சொன்ன ஒவ்வொருவரிடமும் மகள்தான் நின்று நின்று, இல்லை, போய்விட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. கடையில், பஸ்ஸில், மாடிப்படியில். கடைசியாக அம்மா வீட்டு வாசலில் வந்து நின்று, "உன்கிட்ட சொன்னதுக்கு ஒரு மைக் வாங்கி நானே சொல்லியிருக்கலாம்" என்றாள். அதுதான் அவள் அம்மாவிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகு எதிரே பார்த்தால் அடுத்த பக்கத்துக்கு மாறிப் போய்விடுவாள். அக்கா பேக்கிங் வெட்டிக்கொண்டுதான் இருந்தாள், பெஞ்சும் நிறைந்துதான் இருந்தது. ஆனால் சோறு இறங்கவில்லை. தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, புருவத்தை அறுத்தா போட முடியும்?

இந்த நிலைமையில்தான் ஒருநாள் காலையில் மாப்பிள்ளை புல் வெட்டுகிற மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை" என்று எழுந்தாள் அக்கா.

"மெஷின் ஐட்லிங்ல நிக்க மாட்டேங்குது மாமா. கையை எடுத்தாலும் வேகம் குறையல. தானா ரேஸ் ஆகுது" என்றார் மாப்பிள்ளை, அக்காவைப் பார்க்காமல் மெக்கானிக்கைப் பார்த்து.

மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணிக் கேட்டார். யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி மெஷின் கத்தியது. "கார்புரேட்டர் பேக்கிங் போயிருக்கு. எங்கேயோ காத்து கசியுது. ரெண்டு ஸ்குரூதான், இப்பவே மாத்திடலாம். அட்டை இருக்கா?"

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "அவதான் குடுத்துவிட்டா அத்தை. உங்க கையிலதான் குடுக்கணும்னா. எனக்கு ஒண்ணும் தெரியாது." கொஞ்சம் விட்டு, "நிஜமாவே ஒண்ணும் தெரியாது" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன. ஒன்றும் தெரியாதவருக்குக் காது எதற்குச் சிவக்க வேண்டும்?

அக்கா அட்டையைப் பிரித்தாள். மருந்துக்கடையில் விற்கிற சின்னப் பெட்டி. கர்ப்பம் இருக்கிறதா இல்லையா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற கிட் வருமே, அந்தப் பெட்டி. பசை போட்ட மடிப்பைக் கிழிக்காமல் கத்தி விட்டு நிதானமாகப் பிரித்திருந்தது. அந்த வீட்டில் அப்படிப் பிரிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

வாயால் சொல்ல மகளுக்கு மனசு வரவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. எல்லோருக்கும் முன்னால் அம்மாவுக்குத்தான் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடியே பயமும் வந்துவிட்டது. ஏனென்றால் இது சேதி மட்டுமல்ல, இன்னொரு தடவை நம்பிப் பார்க்கிறேன் என்பதும்தான். இந்தத் தடவையும் வெளியே போனால் அந்தப் பெண் இந்த ஜென்மத்தில் இந்த வாசலை மிதிக்க மாட்டாள். அக்கா சட்டென்று முகத்தைக் குனிந்துகொண்டாள். புருவம் அதற்குள் ஏறிப்போய் உட்கார்ந்திருந்தது.

"என்ன, அட்டை பத்தாதா?" என்றார் மெக்கானிக்.

"பத்தும், பத்தும்" என்று முந்தானையால் நெற்றியைத் துடைக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தப் பெட்டிமேல் சுத்தியலை வைக்க அவளுக்குக் கை வரவில்லை. துணி அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே, இன்னொரு சின்னப் பெட்டி இருந்தது. போன வருஷம் மகள் சொன்ன அன்றைக்கே யாருக்கும் தெரியாமல் ஓடிப்போய் வாங்கிய பிள்ளை சாக்ஸ். கட்டைவிரல்கூட நுழையாத அளவு. மூடியில் மஞ்சள் வாத்து ஒன்று, அதன் காலடியில் சாக்ஸ் என்று எழுத்து. எல்லாம் முடிந்துபோன பிறகு திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை, யாரிடமும் காட்டவும் மனசில்லை. அக்கா சாக்ஸை எடுத்து டப்பா ஒன்றில் போட்டாள். மூடியைக் கொண்டுவந்து மரக்கட்டையில் வைத்தாள். அவளே போட்ட சட்டத்தை அவளே மீறினாள், முதல் தடவையாகத் தன் வீட்டு அட்டையில் இன்னொரு வீட்டு எஞ்சினுக்குப் பேக்கிங் வெட்டினாள். அவசரத்தில் அட்டையை வைத்த வாக்கில் ஸ்குரூ ஓட்டை ஒன்று சரியாக வாத்தின் கண்ணில் விழுந்துவிட்டது.

மெக்கானிக் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "இது மாப்பிள்ளை கொண்டுவந்த அட்டை இல்லையே."

"அதேதான். முடுக்குங்க."

முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவருக்கு அது போதும். முடுக்கினார். மெஷின் பூனைக்குட்டி மாதிரி அடங்கி ஓடியது. மாப்பிள்ளை அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது அக்காவுக்கு இரண்டு கவலை. மகள் அந்த இரண்டு ஸ்குரூவைக் கழட்டிப் பார்ப்பாளா என்பது ஒன்று. பார்த்தால்தானே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, அம்மா பதில் சொல்லியிருக்கிறாள் என்று தெரியும்? மற்றது இந்தப் பாழாய்ப்போன புருவம்.

அன்று மத்தியானமே புருவத்தின்மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டாள். பால்ஸ் தெறித்து அடித்துவிட்டது என்று கதை கட்டினாள். பெஞ்சு பரபரப்பானது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "பால்ஸ் தெறிச்சா குண்டா வீங்கும். உனக்கு என்ன, புருவத்தை அளவெடுத்து அடிச்ச மாதிரி இருக்கு?" என்றார். சலவைக்கடை அம்மாவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "பிளாஸ்திரிக்கு அடியில பெரிய விஷயம் ஏதோ இருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, இருந்த இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டாள். அக்காவின் வாயைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அதைவிடக் கொடுமை, இத்தனை காலம் சும்மா கிடந்த வலது புருவம் திடீரென்று வேலைக்குச் சேர்ந்துவிட்டது. "உன் பொண்ணு எப்படி இருக்கா?" என்று யாரோ கேட்டதுதான் தாமதம், அது தயங்கித் தயங்கி மேலே கிளம்பியது. அக்காவே கையால் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று.

பிளாஸ்திரி வேலைக்கு ஆகாது என்று தெரிந்துபோனது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தாள். கசிகிறதை அடைக்க முடியவில்லை என்றால் என்ன செய்வது? திறந்தே விட்டுவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. மறுநாள் காலையில் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினாள்.

தையல்காரர் போகிற போக்கில், "மழை வருமாக்கா?" என்றார். "யாருக்குத் தெரியும்" என்றாள் அக்கா. புருவம் ஏறியது. தையல்காரர் ஓடிப்போய்க் காயப்போட்ட துணியையெல்லாம் அள்ளினார். வெயில் மண்டையைப் பிளந்தது.

சலவைக்கடை அம்மா, "மருந்துக்கடையை விக்கப்போறாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுது" என்றாள். அப்படி ஒரு பேச்சே இல்லை, அவளாகக் கிளப்பியது. "எனக்குத் தெரியாதும்மா" என்றாள் அக்கா. புருவம் முழு விரல் ஏறியது. சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார். "நாலு பேர் வந்து என்ன விலைன்னு கேட்டுட்டுப் போறாங்க. யாரு கிளப்பிவிட்டது?" யாரும் கிளப்பவில்லை, அக்காவின் புருவம்தான் என்றார்கள். புருவத்தின்மேல் எப்படிச் சண்டைக்குப் போவது என்று தெரியாமல் மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

இப்படியே போயிற்று. கேட்ட கேள்விக்கெல்லாம் புருவம் ஏறியது. பால் திரிந்ததா, பஸ் நின்றதா, எதிர்வீட்டுப் பையன் பரீட்சையில் பாஸா, உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் ஏறியது. முதல் வாரம் தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. நம்பி ஏமாந்து, நம்பி ஏமாந்து, இரண்டாவது வாரம் எல்லோரும் சலித்துப்போனார்கள். மூன்றாவது வாரம், "அக்கா புருவம் ரிப்பேர்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். மெக்கானிக்கே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்து, "ஐட்லிங்ல நிக்க மாட்டேங்குது. தானா ரேஸ் ஆகுது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அக்காவும் சிரித்தாள், ஆனால் உள்ளே வலித்தது. அந்தப் புருவத்துக்கு ஒரு மரியாதை இருந்ததே. பெஞ்சில் இப்போது சலவைக்கடை அம்மாவைத் தவிர யாரும் வருவதில்லை. அவளும் பழக்கதோஷத்தில்தான் வந்தாள். கொண்டுவருகிற அட்டைகளில் அதே மாதிரிதான் ரகசியங்கள் வந்தன. தெரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

இதற்கு நடுவில் மாப்பிள்ளையை வழியில் பார்த்து, "மெஷின் எப்படி ஓடுது?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா ஓடுது அத்தை."

"யாரும் கழட்டிக்கிழட்டிப் பாக்கலையே?"

"நல்லா ஓடறதை ஏன் கழட்டணும்?" என்றார் அந்த நல்ல பிள்ளை.

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. அப்படியானால் வாத்து உள்ளேயே கிடக்கிறது, பதில் போய்ச் சேரவில்லை. அம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லை, அட்டையை வெட்டிப் போட்டுவிட்டாள் என்றுதானே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்?

அந்த வாரம்தான் சம்பந்தியம்மா வந்தாள். விவரமான பொம்பளை. ஜெனரேட்டரில் ஆயில் ஒழுகுகிறது என்று சாக்கு. தெருவிலேயே அவள் ஒருத்திதான் எழுத்து, படம், மடிப்பு எதுவும் இல்லாத வெள்ளை அட்டையைச் சதுரமாகக் கத்தரித்துக் கொண்டுவருகிறவள். அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் ஜன்னலுக்கு நேர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் பெஞ்சில் சலவைக்கடை அம்மா. ரிப்பேருக்குக் கொடுத்த எஞ்சினை வாங்கிப்போக வந்த டியூஷன் வாத்தியாரும் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு சரியாவே சாப்பிடறதில்ல சம்பந்தி" என்று ஆரம்பித்தாள். "காலையில எழுந்ததும் குமட்டிக்கிட்டு ஓடறா. கேட்டா பித்தம்ங்கறா. என் பையனைக் கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறான். பெத்தவங்களுக்குத் தெரியாம இருக்குமா? ஏதாவது விசேஷமா?"

கேட்டுவிட்டு அவள் அக்காவின் வாயைப் பார்க்கவில்லை. சரியாக இடது கண்ணுக்கு மேலே பார்த்தாள்.

"என்கிட்ட அவ பேசறதே இல்லையே சம்பந்தி" என்றாள் அக்கா. குரல் நன்றாகத்தான் வந்தது. புருவம்தான் துரோகம் பண்ணியது. காலையில் குமட்டிக்கொண்டு ஓடுகிறாளாம். அதைக் கேட்டால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா? பொய்யாக ஏறின நாளெல்லாம் ஒரு விரல்தான். அன்றைக்கு நிஜமாக ஏறியது, எந்தப் பிடிமானமும் இல்லாமல் விறுவிறுவென்று போய் முடிக்குள் ஒளிந்துகொண்டது. இறக்கப் பார்த்தாள், இறங்கவில்லை.

சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை தானாகப் போன் இருக்கிற பையைத் தேடியது. அக்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

அப்போது சலவைக்கடை அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அதையா பாக்கறீங்க? அது இப்ப எல்லாத்துக்கும் ஏறுதுங்க. அன்னைக்கு மருந்துக்கடையையே வித்துடுச்சு. நீங்களே பாருங்க." அக்காவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நம்ம வாத்தியாரு சினிமாவுல ஹீரோவா நடிக்கப்போறாராமே?"

இறங்கத் தொடங்கிய புருவத்தை அக்கா உயிரைக் கொடுத்து மறுபடியும் மேலே அனுப்பினாள். அது கிண்ணென்று போய் நின்றது.

வாத்தியார் தலையைக் கோதிக்கொண்டு, "ஏன், நடிக்கக் கூடாதா?" என்றார்.

சம்பந்தியம்மா வாத்தியாரைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். பையை மூடினாள். "பித்தமாத்தான் இருக்கும்" என்று எழுந்து, "சம்பந்தி, நீங்க ஒரு நல்ல நரம்பு டாக்டரைப் பாருங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா சரிங்க, சரிங்க என்று தலையாட்டினாள். அவள் போனதும் உள்ளே போய்க் குடத்துத் தண்ணீரைக் குடித்தாள்.

அப்புறம் நாள் ஓடியது. அக்கா எதையும் கேட்கவில்லை, யாரிடமும் போகவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் சுத்தியலிலிருந்து கண்ணை எடுத்தபோது தெருமுனையில் மகள் வந்துகொண்டிருந்தாள். அடுத்த பக்கத்துக்கு மாறவில்லை. மெல்ல, காலை அகட்டி வைத்து வந்தாள். அவளுக்கு முன்னால் வயிறு வந்தது. அதற்கு யாருடைய புருவமும் தேவைப்படவில்லை, தெரு முழுக்க அதுவே சொல்லிக்கொண்டு வந்தது. தையல்காரர் மெஷினை நிறுத்தினார். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். சலவைக்கடை அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து இடம் விட்டாள்.

மகள் ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அம்மா கையில் பால்ஸை உருட்டிக்கொண்டிருந்தாள்.

சலவைக்கடை அம்மாவுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. விரலை மடக்கி மாதக் கணக்குப் போட்டாள். வாயைப் பிளந்தாள். "ஏன்க்கா, அன்னைக்கு சம்பந்தி கேட்டப்ப ஏறுச்சே... அது நிஜமாவா ஏறுச்சு?"

அக்கா பதில் சொல்லவில்லை. புருவமும் சொல்லவில்லை. அது அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மகள் பையைத் திறந்து, காகிதத்தில் மடித்திருந்ததை எடுத்து மரக்கட்டைமேல் வைத்தாள். கார்புரேட்டர் பேக்கிங். எண்ணெய் குடித்து, ஓரமெல்லாம் பிய்ந்து, ஒரு ஸ்குரூ ஓட்டை கிழிந்து தொங்கியது. மற்ற ஓட்டைப் பக்கம் ஒற்றைக் கண் வாத்து இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது, அதன் காலடியில் சாக்ஸ் என்ற எழுத்தும் தெரிந்தது.

"அவர் இல்லாத நேரமாப் பார்த்து தினம் தினம் கழட்டிப் பாத்தேன்" என்றாள் மகள். "பாத்துப் பாத்துக் கிழிஞ்சுபோச்சு. மெஷின் மறுபடியும் ரேஸ் ஆகுதுன்னு கத்தறாரு. வேற வெட்டிக் குடு."

அக்கா தலையாட்டினாள். கண்ணில் நீர் முட்டி, எதிரே இருப்பவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது. அட்டை, அட்டை என்று கை மரக்கட்டையைச் சுற்றித் தேடியது.

மகள் ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு, அம்மாவின் கையை அப்படியே பிடித்து நிறுத்தினாள்.

"அட்டை அப்புறம் தேடலாம். பெட்டி வந்துடுச்சு. சாக்ஸ் எங்கம்மா?"